திருச்சியிலிருந்து காரைக்குடி வரை: அம்மாவோடு இரண்டு நாள்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். விமான நிலையத்தைத் தாண்டி மாத்தூர், கீரனூர் வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் எத்தனை நூறு முறை போய்வந்திருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. அம்மாவின் ஊர் கீரனூரைத் தாண்டியுள்ள ஒரு சிற்றூர். நானும் பத்து வயது வரை அங்கேதான் வளர்ந்தேன். பேருந்து கீரனூரைக் கடந்ததும் வயல்களுக்கும் தைலமரக் காடுகளுக்கும் அப்பால் நார்த்தாமலைக் குன்றுகள் மொட்டைப் பாறைகளாகத் தெரியும். அவற்றைப் பார்த்த ஒவ்வொரு முறையும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார். பங்குனி மாதத்தில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் தேரோட்டத்துக்கு ஆண்டு தவறாமல் போய்வந்தவர் அவர். எனக்கு அம்மை போட்ட ஆண்டில் வேண்டிக்கொண்டு பால்குடமும் எடுத்திருக்கிறார். ஆனால் அந்த ஊரின் மேலமலையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளைத் தாண்டிய ஒரு கற்றளி, அதாவது கல்லால் எடுத்த கோயில், நிற்பதை அவர் தம் 68 வயது வரை பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

இந்தப் பொங்கல் விடுமுறையில் எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது மகன் கொடைக்கானல் என்றான், மகள் புதுச்சேரி என்றாள். கால்வலியோடு நெடுந்தூரம் வர முடியாது என்று அம்மா ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தார். அப்போதுதான் என் மனைவி, “அத்தை ஊர்ப் பக்கமே போகலாமே, அங்கே என்னதான் இருக்கிறது என்று நாம் ஒருநாளும் இறங்கிப் பார்க்கவில்லையே” என்றார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பக்கத்து ஊரை வெளியூர்க்காரர் கண்ணால் பார்த்துச் சொன்னதால்தான் எங்களுக்கு அது தோன்றியது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, புதுக்கோட்டையில் இரவுத் தங்கல், மறுநாள் திருமயம், கானாடுகாத்தான், காரைக்குடி, பிள்ளையார்பட்டி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். அம்மா முன் இருக்கையில் அமர்ந்துகொண்டார். புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் பின்னால் வந்தன.

நார்த்தாமலையில் வழக்கம்போல் முதலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, மேலமலையின் அடிவாரத்துக்குக் காரைக் கொண்டுபோனோம். அங்கிருந்து நடக்க வேண்டும். படிகள் என்று சொல்லத்தக்கவை குறைவு. பாறைச் சரிவிலேயே ஏறிப் போக வேண்டியிருந்தது. சரிவு மெல்ல ஏறுவதால், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டும் இரண்டு இடங்களில் உட்கார்ந்தும் ஏறிவிட்டார். வழியில் தலையருவிச் சிங்கம் என்னும் சுனை இருக்கிறது. அந்தச் சுனை நீருக்குள் ஒரு சிறு குடைவரையும் அதில் ஒரு லிங்கமும் மூழ்கியிருப்பதாக அறிவிப்புப் பலகையைப் பார்த்து மகள் படித்துக்காட்டியபோது, அம்மா நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெயில் ஏறிவிட்டால் இந்தப் பாறையில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது என்பதால், போக நினைப்பவர்கள் காலை எட்டு மணிக்குள் மேலே இருக்கும்படி புறப்படுவது நல்லது. குடிநீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

மேலே ஏறியதும் எங்களில் யாரும் சற்று நேரம் பேசவில்லை. பரந்த பாறைத் தளத்தின் நடுவே, மேற்கு பார்த்த வாயிலோடு விஜயாலய சோழீச்சுரம் நிற்கிறது. சுற்றிலும் சிறு சன்னதிகள். சில நன்றாக இருக்கின்றன, சில அழிந்துவிட்டன. இக்கோயிலின் கருவறை வட்ட வடிவமானது. அந்த வட்டத்தைச் சதுரமான ஒரு வெளிச்சுவர் சூழ்ந்திருக்கிறது; இடையே சுற்றிவர ஒரு குறுகிய வழி. தஞ்சைப் பெரிய கோயிலை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்களுக்கு, கையெட்டும் உயரத்தில் சிற்பங்களோடு நிற்கும் இந்தச் சிறிய விமானம் வேறு வகையான நெருக்கத்தைத் தருகிறது. சோழர் குலத்தை மீண்டும் எழுப்பிய விஜயாலயன் பெயர் கோயிலுக்கு வழங்கினாலும், அங்குள்ள கல்வெட்டு சொல்லும் செய்தி வேறு. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்கிறது அது. இளங்கோவதியரையர் முத்தரையர் குலத்தவர். எங்கள் ஊர்ப் பக்கம் முத்தரையர் குடும்பங்கள் ஏராளம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்காவது பள்ளியில் யாரும் இதைச் சொல்லியிருந்தால் அவர்கள் அந்த மலையை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு மனம் கனத்தது. நாங்கள் படித்த பாடநூலில் தஞ்சாவூர் இருந்தது, மாமல்லபுரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலை அதில் இல்லை.

கோயிலுக்கு எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குடைவரைகள் கிழக்கு நோக்கி இருக்கின்றன. சிறியது பழியிலி ஈச்சுரம், சிவனுக்குரியது. பெரியதை மக்கள் சமணர் குடகு என்கிறார்கள். கல்வெட்டு அதைப் பதினெண்பூமி விண்ணகரம் என்று குறிக்கிறது. அதன் முன்னே ஒரு மேடை. மேடையைச் சுற்றி யாளிகளும் யானைகளும் வரிசையாக ஓடுகின்றன. உள்ளே சுவர் முழுவதும் ஆளுயரத் திருமால் உருவங்கள், ஒன்றுபோல் ஒன்றாக. பேரனும் அப்பத்தாவும் ஆளுக்கொரு பக்கமிருந்து எண்ணத் தொடங்கி, நடுவில் சந்தித்து, 12 என்று சரிபார்த்துக்கொண்டார்கள். காலை வெயில் நேராக உள்ளே விழுந்ததால் ஒவ்வொரு முகத்தின் கீழும் நிழல் அசைந்தது. நார்த்தாமலை ஒருகாலத்தில் வணிகர் நகரமாக விளங்கியது என்பதும், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் போன்ற பெரும் வணிகக் குழுவினருக்கு இந்த ஊரோடு தொடர்பு இருந்தது என்பதும் கல்வெட்டுகளால் தெரிகிறது. பேருந்துகூட நின்று போகாத ஊர் என்று நாங்கள் நினைத்திருந்த இடத்தில் கடல் கடந்து வாணிகம் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

“இத்தன வருசமா அம்மன் காலடியிலயே நின்னுட்டுத் திரும்பியிருக்கேன்யா” என்றார் அம்மா. “கரும்பு வெட்டு, நடவு, ஊர் வண்டி கெளம்பிடும்னு பயம். மேல என்ன இருக்குன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல.” அவர் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் அதைக் குறையாகக் கேட்டேன்.

சித்தன்னவாசலுக்கு அன்னவாசல் வழியாகப் போனோம். இடையில் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் கழிந்தது. அறிவர் கோயில் என்னும் அந்தச் சமணக் குடைவரையில் ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே உள்ளே விட்டார்கள். ஓவியங்களின் நிலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டின் தேவை புரியும். விதானத்தில் ஒரு தாமரைக் குளம். இலைகளுக்கும் மொட்டுகளுக்கும் மலர்களுக்கும் இடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள்; நடுவே பூப்பறிக்கும் இளைஞர்கள். ஒருவன் தாமரைத் தண்டைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கும் விதத்தில் அப்படி ஓர் இயல்பு. தீர்த்தங்கரர் அறவுரை சொல்லும் தெய்வ அவையான சமவசரணம் பற்றிய சமணக் கருத்தோடு இக்குளத்தை இணைத்து அறிஞர்கள் விளக்குகிறார்கள். கிராமத்தில் பிறந்த அம்மாவுக்கோ அது ஒரு தாமரைக் குளம், அவ்வளவே. தண்ணீருக்குள் எருமை இறங்கி நிற்பதைச் சுட்டிக்காட்டி, குளத்தைப் பார்த்து வளர்ந்தவன்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்றார். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததாக அங்கே ஒரு தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு இருக்கிறது. தூண்களில் ஆடும் பெண்களின் உருவங்கள் மங்கிவிட்டன; கோடுகளை ஊன்றிப் பார்த்தால்தான் அந்த இடையின் வளைவும் நீட்டிய கையும் பிடிபடும். இன்னும் ஒரு தலைமுறை கழித்து வருபவர்களுக்கு எவ்வளவு மிச்சமிருக்கும் என்ற கவலையோடுதான் வெளியே வந்தேன்.

கருவறையில் நின்று மெல்ல ‘ம்’ என்று முனகினால் அந்த ஒலி சுவர்களில் பட்டு நம் மார்புக்குள் அதிரும். மகன் அதை விட்டு வர மறுத்தான். பிறகு நானும் பிள்ளைகளும் மட்டும் குன்றின் மறுபக்கத்திலுள்ள ஏழடிப்பாட்டத்துக்கு ஏறினோம். இயற்கையான குகைக்குள் 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் இடத்தில் கல்லையே தலையணையாகச் சற்று உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவிகள் கிடந்த அந்தக் கல் வழவழப்பாகவும், நண்பகலிலும் குளிர்ச்சியாகவும் இருந்தது.

குடுமியான்மலையில் சிகாநாதர் கோயிலின் மண்டபச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, குன்றில் குடைந்த மேலைக்கோயிலருகே உள்ள இசைக் கல்வெட்டின் முன் நீண்ட நேரம் நின்றோம். ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தக் கல்வெட்டில் ஏழு பண்களுக்குரிய சுரங்கள் நான்கு நான்காகக் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மகள் மூன்றாண்டுகளாகப் பாட்டு கற்கிறாள். எழுத்தை அவளால் படிக்க முடியவில்லை. ஆனால் ஒரு பாறை முழுவதும் சுரங்கள்தாம் என்று அறிந்தவுடன், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த வரிசையொன்றைத் தாழ்ந்த குரலில் பாடினாள். அங்கே குரங்குகள் அதிகம். சாப்பாட்டுப் பையை வெளியே எடுக்க வேண்டாம்.

புதுக்கோட்டையில் நாங்கள் முன்பணம் கட்டி வைத்திருந்த விடுதியில், எங்கள் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இருட்டிய பிறகு அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அம்மாவோ கைப்பேசியை எடுத்து என் சித்திக்குப் பேசினார். அரை மணி நேரத்தில் சித்தி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. அன்றிரவு அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டதுதான் என் பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தின் மிகப் பெரிய செய்தி.

1991, 92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானோர் மாவட்டம் முழுவதும் சைக்கிள் மிதித்தார்கள். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அறிவொளி வகுப்பில் முதலில் கற்கப் போனவர், பிறகு மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் தொண்டரானார். அவருக்கு அப்போது 35 வயது, சித்திக்கு 30. பள்ளிக்கூட மைதானத்தில், என் அப்பாவின் சைக்கிளில், குறுக்குக் கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போடச் சேலை இடம் கொடுக்காமல் இருவரும் விழுந்து எழுந்ததையும், ஊரார் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததையும், இரண்டாம் வாரத்தில் அம்மா யார் பிடியும் இல்லாமல் கீரனூர் வரை போய்வந்ததையும் அவர்கள் சொல்லச் சொல்ல, மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த மைதானத்தின் ஓரத்தில் ஒன்பது வயதுப் பையனாக நானும் நின்றிருந்தேன். அம்மா சைக்கிள் ஓட்டுவது எனக்குக் கூச்சமாக இருந்ததால் வீட்டுக்கு ஓடிப் போனேன். அதை அன்றிரவுதான் அம்மாவிடம் சொன்னேன். “தெரியும்யா” என்றார்.

மறுநாள் காலையில் திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாளைத் தரிசித்தோம். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம் இந்த அம்மன்தான். அவர்கள் வெளியிட்ட அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசில் ஒரு பக்கம் அம்மன் உருவமும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற சொல்லும் இருக்கும். அப்படி ஒன்று எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் நெடுங்காலமாகக் கிடந்தது. அரிசிப் பானையில் போட்டால் அரிசி குறையாது என்று பாட்டி அம்மாவிடம் கொடுத்ததாம். அருகிலேயே 1910இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மணி நேரம் சுற்றினோம். இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் அது திறந்திருக்காது. ஊருக்குள் வரும்போது மன்னர் கல்லூரியைக் கடந்தோம். 1886இல் இந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்களே இல்லாத அந்தக் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து படித்து, 1912இல் மருத்துவரானார். முந்தைய இரவுக் கதையைக் கேட்டிருந்த மகளுக்கு, இதற்கு மேல் நான் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

திருமயம் புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சாலையோரம் கோட்டை பைரவர் சன்னதியில் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் இந்த வழியில் போகும் ஓட்டுநர்கள் குறைவு, நாங்களும் நிறுத்தினோம். 1687இல் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி கட்டிய கோட்டை மேலே. அதே குன்றின் தெற்குச் சரிவில் சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்கள் அருகருகே கீழே. பள்ளிகொண்ட பெருமாளைப் பாறையிலேயே எவ்வளவு பெரிதாக வடித்திருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். மது, கைடபன் என்னும் அசுரர்கள் ஆதிசேடனின் நச்சுத் தீக்கு அஞ்சி ஓடும் காட்சியும் அதே சுவரில் இருக்கிறது. இந்த இரு கோயில்களுக்கும் இடையே நிலம், வருவாய் பற்றி நெடுங்கால வழக்கு இருந்து, 13ஆம் நூற்றாண்டில் போசள (ஹொய்சள) அரசின் படைத்தலைவரான அப்பண்ணத் தண்டநாயகர் முன்னிலையில் தீர்த்து வைக்கப்பட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. ஒரே பாறையைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு சாமிகளுக்குச் சண்டையா என்று மகன் கேட்டான். சண்டை சாமிகளுக்கில்லை என்று அம்மா சொன்னார். கோட்டை உச்சியில் பீரங்கி நிற்கும் மேட்டிலிருந்து பார்த்தால் நாற்புறமும் கண்மாய்கள் தெரியும். ஆற்றுப் பாசனம் குறைந்த இந்த வானம் பார்த்த பூமியில், மழைநீரைத் தேக்கி வைத்தே ஆயிரம் ஆண்டுகளாக விவசாயம் நடந்திருக்கிறது என்பது அந்த உயரத்திலிருந்து ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது.

கானாடுகாத்தானில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பர்மாத் தேக்குத் தூண்களும் வளவும் முற்றமும் பட்டாலையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கைதான் எனக்கு அழுத்தமாக நினைவில் நிற்கிறது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்தது அதைவிட நிறைவாக இருந்தது. சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் பூவடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. காய்ந்தபின் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால், கண்ணாடி தொட்ட முகம் தானே பளபளக்கிறது. அங்கே வேலை செய்த அம்மையார் என் மகனின் கையில் கரண்டியைக் கொடுத்து ஓர் இதழுக்கு மஞ்சள் ஊற்றச் சொன்னார்.

காரைக்குடியில் மதியச் சாப்பாடு, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருட் கடைகளில் ஒரு சுற்று, வெள்ளைப் பணியாரம், பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகர் தரிசனம் என்று பிற்பகல் விரைவாகப் போய்விட்டது. ஆறு மணிக்குத் திரும்பினோம்.

புதுக்கோட்டையைத் தாண்டியபோது நன்றாக இருட்டிவிட்டது. பின்னால் மூவரும் உறங்கிப் போனார்கள். நார்த்தாமலை வருவதை அம்மா எப்படித்தான் இருட்டில் அறிந்தாரோ, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, கைப்பையிலிருந்து தம் பால் கணக்கு நோட்டை எடுத்து, காரின் உள்விளக்கைப் போடச் சொல்லி, அந்த மேல்கோயிலின் முழுப் பெயரைக் கேட்டு எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். பங்குனித் தேருக்கு ஊரிலிருந்து பெண்கள் வேன் பிடித்து வருவார்கள் என்றும், இந்த முறை விடிவதற்குள் வந்துவிட்டால் வெயிலுக்கு முன் எல்லாரையும் மேலே கூட்டிப் போய்க் காட்டிவிடலாம் என்றும் சொன்னார். முழங்கால் வலி உள்ளவர்கள் மூன்று பேர் உண்டாம். அவர்களை எந்த இரண்டு இடங்களில் உட்கார வைக்கலாம் என்று கீரனூர் வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தார்.